கையேடு இல்லாமல் வந்த சிரிப்பு: ‘எம்டிகே’ என்னும் கணினி விளையாட்டு – ஒரு பார்வை

சங்க மலர் என்றால் சங்க இலக்கியம், கல்வெட்டு, எல்லைப் போராட்ட வரலாறு என்று கட்டுரைகள் வருவது வழக்கம். அந்த வரிசையில் துப்பாக்கியால் சுடும் கணினி விளையாட்டு ஒன்றுக்குத் திறனாய்வா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். படித்து முடித்துவிட்டுச் சுளியுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நாவலை அலசுகிறோம், சினிமாவைப் பிரித்து மேய்கிறோம், பட்டிமன்றத்தில் பாட்டுக்கு மார்க் போடுகிறோம். நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் உள்ளே போய் வாழ்ந்துவிட்டு வருகிற ஒன்றை மட்டும் “கேம் ஆடுறான்” என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். அதற்குள் என்ன கதை இருக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று நாம் கேட்பதில்லை.

நான் எடுத்துக்கொண்டிருப்பது 1997இல் வந்த ‘எம்டிகே’. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருந்த ஷைனி என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் உருவாக்கியது. அதற்கு முன்பு 1994இல் ‘எர்த்வோர்ம் ஜிம்’ என்ற, மண்புழுவை வீரனாக்கிய விளையாட்டைத் தந்த அதே நிறுவனம்தான். எம்டிகேயின் மூலக் கற்பனை நிக் புரூட்டி என்பவருடையது. இசை டாமி டல்லாரிகோ. ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போன்ற கோணத்தில் ஆடும் அறிவியல் புனைகதை விளையாட்டு. அன்றைக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த முப்பரிமாண வரைகலை அட்டை எதுவும் இல்லாமல், ஒரு பென்டியம் கணினியின் வெறும் உழைப்பிலேயே அது ஓடியது. அதனாலேயே நம் ஊர்ப் பக்கத்துச் சாதாரணக் கணினிகளிலும் அதற்கு இடம் கிடைத்தது.

கூட்டிப் பெருக்குகிறவனின் கதை

கதை இதுதான். ஃப்ளூக் ஹாக்கின்ஸ் என்று ஒரு விஞ்ஞானி. ‘ஃப்ளூக்’ என்றால் குருட்டு அதிர்ஷ்டம். பெயரிலேயே கிண்டல் தொடங்கிவிடுகிறது. உலகம் தன்னை மதிக்க வேண்டும் என்பதற்காக ‘ஜிம் டேண்டி’ என்ற விண்வெளி நிலையத்தைக் கட்டி, தன்னைத் தானே வானத்துக்கு அனுப்பிக்கொள்கிறார். கூடவே கர்ட் ஹெக்டிக் என்ற துப்புரவுத் தொழிலாளியையும் அழைத்துப் போகிறார். எப்படி? கூலாஷ் என்கிற ஹங்கேரிய இறைச்சிக் குழம்பு வயிறாரப் போடுகிறேன் என்று ஆசை காட்டி! போன காரியம் ஒன்றும் நடக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப விஞ்ஞானிக்கு வெட்கம். ஆகவே அங்கேயே தங்கிவிடுகிறார். கர்ட்டும் தங்க வேண்டியதாகிறது. பொழுது போகாமல் விஞ்ஞானி ஓர் இயந்திர நாயை உருவாக்குகிறார். அவர் வைத்த பெயர் போன்ஸ். அது தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மேக்ஸ்.

அப்போதுதான் பூமியின் மேல் பிரம்மாண்டமான எந்திரங்கள் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நகரம் அளவு. ஊர் ஊராக நசுக்கிக்கொண்டு நிலத்தின் வளத்தையெல்லாம் உறிஞ்சுகின்றன. தடுக்க ஆள் வேண்டும். விஞ்ஞானிக்கு வயதாகிவிட்டது. மிச்சம் இருப்பவன் கர்ட். விருப்பமே இல்லாத அந்த மனிதனுக்குக் கறுப்பு உடை ஒன்றை மாட்டி வானத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் அவன் ஏவுகணைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆகாயத்திலிருந்து விழுவதில்தான் தொடங்குகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கும். “சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சீக்கிரம் திரும்பிவிடலாம்” என்ற வாக்கை நம்பி இன்னொருவர் திட்டத்துக்கு ஆளாகப் போய், கூட்டிப் போனவரின் கௌரவத்துக்காக அங்கேயே நின்றுபோனவர்கள் நம் பாட்டன்மார்களில் எத்தனை பேர்! ஆபத்து என்று வந்தால் முதலில் கீழே இறக்கப்படுகிறவன் சம்பளத்தில் கடைசியாக இருப்பவன்தான் என்பதை எம்டிகே சிரித்துக்கொண்டே சொல்கிறது. அக்காலத்துச் சுடும் விளையாட்டுகளில் இது புதுசு. 1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் நாயகன் ஒரு படைவீரன். 1996இல் வந்த ‘டியூக் நியூக்கம் 3டி’யின் நாயகன் நிமிடத்துக்கொரு பஞ்ச் டயலாக் விடுகிற முரடன்; அங்கே நகைச்சுவை என்றால் வீறாப்புதான். கர்ட்டுக்கு வீரவசனம் கிடையாது. அவன் வேலையை முடித்துவிட்டு மேலே போய்விட நினைக்கிற மனிதன்.

ஆயுதங்களின் கேலி

இந்த விளையாட்டின் நகைச்சுவையில் மிகச் சிறந்த பகுதி ஆயுதங்களின் பெயர்கள் என்று சொல்வேன். பூட்டிய கதவைத் திறக்க ஒரு பொருள் கிடைக்கிறது. அதன் பெயர் ‘உலகத்திலேயே மிகச் சிறிய அணுகுண்டு வெடிப்பு’. கதவு திறக்க அணுகுண்டு! இன்னொன்று ‘உலகத்திலேயே மிகச் சுவாரசியமான வெடிகுண்டு’. அதைக் கீழே வைத்தால் எதிரிகள் “இதென்னடா இது” என்று வேடிக்கை பார்க்கக் கூடுகிறார்கள், கூடியதும் வெடிக்கிறது. கர்ட்டைப் போலவே இருக்கும் காற்றடைத்த பொம்மை ஒன்று உண்டு. அதை நிறுத்தினால் எதிரிகள் அதைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாடு அணுகுண்டு வைத்திருப்பதைப் பெருமையாகப் பேசும் காலத்தில் அதைக் கதவுச் சாவியாகச் சுருக்கிக் காட்டுவது வெறும் ஜோக் இல்லை, அது அங்கதம். பொக்ரானில் 1998இல் சோதனை நடந்தபோது நம் தெருக்களில் இனிப்பு வழங்கினார்கள். முந்தைய ஆண்டு வந்த இந்த விளையாட்டில் அதே பொருள் சட்டைப் பையில் கிடக்கிற பட்டாசு அளவுக்கு வந்துவிட்டது. பெரியதைச் சிறியதாக்கிச் சிரிப்பது அங்கதத்தின் பழைய முறை. அதை எம்டிகே நன்றாகவே கையாள்கிறது. பூமியை விழுங்க வந்த கூட்டத்தின் தலைவன் பெயர் குந்தர் கிளட். ‘கிளட்’ என்பது வயிறு முட்டத் திணிப்பதைக் குறிக்கும் சொல். ஊர்களைத் தின்கிறவன் உருவத்திலும் பெருந்தீனிக்காரனாகவே இருக்கிறான்.

தூரத்திலிருந்து சிரிப்பது

இவ்வளவு சொல்லிப் பாராட்டிய பிறகு குறையையும் சொல்ல வேண்டும். எம்டிகேயை உலகம் நினைவில் வைத்திருப்பது துடைப்பக்காரனுக்காக அல்ல, குறிபார்க்கும் கண்ணாடிக்காக. கர்ட்டின் தலைக்கவசமே தொலைநோக்கியுள்ள துப்பாக்கியாக மாறும். வெகு தூரத்தில் புள்ளியாக நிற்கிற எதிரியைக் கண்ணெதிரே கொண்டுவந்து சுடலாம். அதே 1997இல் வந்த ‘கோல்டன்ஐ’யோடு சேர்த்து, இந்த முறையைப் பரவலாக்கிய முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வது வழக்கம். சுட்ட குண்டு போகிற வழியைக் குண்டின் கண்ணாலேயே பார்ப்பதற்குத் திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் வேறு.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அபாரம். ஆனால் சிரிப்பின் கணக்கில் பார்த்தால் இங்கேதான் விளையாட்டு தடம் மாறுகிறது. கண்ணாடி வழியே எதிரியின் முகம் நமக்குத் தெரிகிறது. நம் முகம் அவனுக்குத் தெரிவதில்லை. அவன் கொட்டாவி விட்டாலும் கேலி காட்டினாலும் நமக்கு வேடிக்கை. அடுத்த நொடி அவன் இல்லை. இதுவரை வலியவனைப் பார்த்து எளியவன் சிரித்த சிரிப்பு, இப்போது பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாகிறது. கறுப்பு உடைக்குள் கர்ட்டின் முகமும் மறைந்துபோகிறது. அவன் துப்புரவுத் தொழிலாளி என்பதற்கு ஆட்டத்துக்குள்ளே வேலையே இல்லை. வேறு எந்த வீரனை அந்த உடைக்குள் வைத்தாலும் ஆட்டம் இப்படியேதான் நடக்கும். தன்னுடைய நல்ல நகைச்சுவையைத் தானே மறந்துவிடுகிற விளையாட்டு இது.

இப்படி ஆனதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. மேலே சொன்ன கதையின் பெரும்பகுதி விளையாட்டுக்குள் இல்லை. பெட்டியோடு கொடுத்த அச்சிட்ட கையேட்டில்தான் இருந்தது. குழம்பு ஆசை, விஞ்ஞானியின் வெட்கம், நாயின் பெயர்ச் சண்டை எல்லாம் அதில்தான். கையேட்டைப் படித்துவிட்டு ஆடுகிறவருக்கு வானத்திலிருந்து விழுகிறவன் ஒரு பாவப்பட்ட மனிதன். படிக்காதவருக்கு அவன் ஒரு கறுப்புத் துப்பாக்கி.

நம் பக்கத்தில் கையேட்டைப் பார்த்தவர்கள் யார்? தொண்ணூறுகளின் கடைசியில் நம் ஊர்களில் விளையாட்டுகள் பெரும்பாலும் நகலெடுத்த குறுந்தகடுகளாகத்தான் கைமாறின. உறையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் பெட்டியாகக் கிளம்பியது திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து சேரும்போது வெறும் தகடாகிவிட்டது. சுடுவது வந்தது, சிரிப்பு வழியிலேயே இறங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் இதை ஆடித் தீர்த்த என் அக்கா மகனிடம் ஒருநாள், “அந்தக் கறுப்பு டிரஸ்காரன் யாருடா?” என்று கேட்டேன். “தெரியாது மாமா, கமாண்டோவா இருப்பான்” என்றான். “இல்லடா, கூட்டிப் பெருக்குறவன்” என்றதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்படின்னா அவன் ஏன் மாமா போகணும்?” என்றான். எல்லாக் கட்டங்களையும் முடித்தவனுக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. அதுதான் இந்த விளையாட்டின் சரியான கேள்வி என்பது என் கருத்து.

கட்டியங்காரன் நிற்கிற இடம்

போரையும் சிரிப்பையும் ஒன்றாக வைப்பது நமக்குப் புதிது இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. முடிவில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பெரிய உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். பீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிப்பாள். ரத்தத்துக்கும் பழிக்கும் அங்கே குறைவில்லை. பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எம்டிகேயின் ராட்சத எந்திரத்தைப் பார்த்தால் பயம் வராது. அதைவிடப் பெரிய ராட்சதனைத் தரையில் கிடத்திப் பார்த்த மண் இது.

கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிறவன் அவன்தான். வந்த ராஜாவைக் கேலி செய்கிறவனும் அவன்தான். வேஷம் கட்டியவரிடம் “நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்த?” என்று கேட்பான். அந்தக் கேள்வியால்தான் துரியோதனனும் தன் கதையைத் தன் வாயால் சொல்ல நேர்கிறது. நடுவில் ஊர்க் கதை, விலைவாசி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சிரிக்க வைப்பான். கவனியுங்கள்: அவன் அரங்கத்துக்கு உள்ளேயே நிற்கிறான், வேஷக்காரரின் முழத் தூரத்தில் நிற்கிறான். அவன் யாரைக் கேலி செய்கிறானோ அவருக்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறது. ஆகவே எதிரியைப் பார்த்துச் சிரித்தாலும் எதிரி பொம்மையாவதில்லை. விடியற்காலையில் துரியோதனன் விழும்போது, இரவெல்லாம் சிரித்த அதே கூட்டம் வாயடைத்து நிற்கும்.

எம்டிகேயின் கையேடு செய்த வேலை கட்டியங்காரன் வேலைதான். இவன் யார், எதற்கு வந்தான் என்று சொன்னது அதுதான். ஆனால் அது அரங்கத்துக்கு வெளியே, பெட்டிக்குள் இருந்தது. பெட்டி போனதும் கட்டியங்காரனும் போய்விட்டான். வேஷங்கள் மட்டும் அடித்துக்கொள்கின்றன.

இரண்டு இயந்திர நாய்கள்

மேக்ஸ் என்ற இயந்திர நாயைப் பற்றிப் படிக்கும்போது தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு நாய் ஞாபகம் வரும். ஆம், சுஜாதாவின் ஜீனோ. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் ஓடிய ‘என் இனிய இயந்திரா’. அதன் தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’. எம்டிகேக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் அறிவியல் புனைகதையும் நகைச்சுவையும் ஓர் இயந்திர நாயின் வாயில் கைகோத்துவிட்டன. ‘நம்மிடமும் இருந்தது’ என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்.

ஜீனோ முதலில் ஒரு விளையாட்டுச் சாமான் போலத்தான் கதைக்குள் வருகிறது. எதிர்க்கேள்வி கேட்கிறது, கிண்டலடிக்கிறது, யோசிக்கிறது. எல்லாவற்றையும் அதிகாரம் கண்காணிக்கிற ஒரு நாட்டில் பயமில்லாமல் கிண்டல் பேசுகிற ஜீவன் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதன் ஒவ்வொரு கிண்டலுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உயிருள்ளதாகிறது. நிலாவுக்கு அது துணையாவது போல நமக்கும் துணையாகிவிடுகிறது. அதாவது சுஜாதாவிடம் சிரிப்பு, பொருளை ஆளாக்குகிறது. எம்டிகேயின் கண்ணாடிக்குள் அது தலைகீழாக நடக்கிறது; அங்கே சிரிப்பு, ஆளைப் பொருளாக்குகிறது.

இந்தக் குறையை உருவாக்கியவர்களுக்குப் பின் வந்தவர்கள் உணர்ந்தார்கள் போலும். 2000ஆம் ஆண்டில் பயோவேர் நிறுவனம் ‘எம்டிகே 2’ வெளியிட்டது. அதில் கர்ட் மட்டுமல்ல, நாயாகவும் விஞ்ஞானியாகவும்கூட ஆடலாம். மேக்ஸ் நான்கு கைகளில் நான்கு துப்பாக்கி பிடிக்கிறது. விஞ்ஞானி வீட்டுச் சாமான்களைச் சேர்த்து ஆயுதம் செய்கிறார்; ரொட்டி சுடும் கருவியே அவருக்குத் துப்பாக்கி. கையேட்டில் கிடந்த சிரிப்பை ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று பேரும் நம்மோடு பேசுகிறார்கள். விளையாட்டின் பெயருக்கு என்ன விரிவு என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். 1993இல் வந்த ‘டெமாலிஷன் மேன்’ என்ற படத்தில் கொலையைக் குறிக்கும் ஒரு சுருக்கத்தோடு முடிச்சுப் போடுவது உண்டு. ஆனால் மேக்ஸ், டாக்டர், கர்ட் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்தும் அதே மூன்றுதான். இரண்டாம் பாகம் இந்தப் பொருளையே நம்மை நம்ப வைக்கிறது. கொலையின் பெயராகக் கேட்டது ஒரு சின்னக் குடும்பத்தின் பெயராகிவிடுகிறது. எனக்கு இரண்டில் இதுதான் பிடித்தது. ஆனாலும் முதல் பாகத்தின் அந்த வெறிச்சோடிய, வினோதமான பிரம்மாண்டம் இதில் இல்லை என்று ரசிகர்கள் சொல்வதும் நியாயம்தான். எல்லோரும் பேச ஆரம்பித்தால் மௌனத்தின் அழகு குறையத்தானே செய்யும்.

நமக்கு என்ன?

இப்படிப்பட்ட விளையாட்டுகளை வீட்டில் விடலாமா கூடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ரத்தம் தெரிகிறதா, எத்தனை பேரைச் சுடுகிறான் என்று எண்ணுவது ஒரு வழி. அந்தக் கணக்கில் பாரதமும் தேறாது. நான் சொல்வது வேறு அளவுகோல்: இது பிள்ளையை யார் பக்கத்தில் நின்று சிரிக்கச் சொல்கிறது? எளியவன் பக்கத்தில் நின்று வலியதைப் பார்த்தா, அல்லது கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து முகம் தெரியாதவர்களைப் பார்த்தா? எம்டிகேயில் இரண்டுமே இருக்கின்றன. எது பிள்ளையிடம் தங்குகிறது என்பது, பக்கத்தில் இருந்து “இவன் யாரு தெரியுமா?” என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இதை விளையாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. நாமும் பிள்ளைகளுக்குப் பல சமாசாரங்களைத் தகடாகக் கொடுத்துவிட்டுக் கையேட்டை மறந்துவிடுகிறவர்கள்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கணினியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பாட்டி சொன்ன பழமொழியில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மொழியில் கடைசியாக வந்து சேர்வதும் முதலில் தொலைந்து போவதும் நகைச்சுவைதான். கூத்துக்கு அழைத்துப் போகிறோம். கட்டியங்காரன் பேசும்போது பிள்ளை செல்போனைப் பார்க்கிறது, அவன் சொன்னது புரியாததால்.

ஆகவே இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எம்டிகே போன்ற பழைய விளையாட்டுகளை இன்றும் இணையத்தில் விலை கொடுத்து வாங்கி ஆட முடிகிறது. ஒருநாள் மாலை பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். வானத்திலிருந்து அவன் விழும்போது, குழம்புக்கு ஆசைப்பட்டு வந்த கதையைச் சொல்லுங்கள். அடுத்த பாரத விழாவில் கூத்து நடக்கும்போதும் அதே மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, கட்டியங்காரன் என்ன சொன்னான், கூட்டம் ஏன் சிரித்தது என்று காதோடு சொல்லுங்கள். பிள்ளை இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்கும். கேட்கட்டும்.